கால்டுவெல் நூலைக் கற்பிக்கும் முறை

கால்டுவெல் ஐயரின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. அம்மொழிகள் தனிக் குடும்பம் என்று முதன்முதல் கண்டவர் அவரே எனப் பலர் கற்பிப்பர். அது பொருந்தாது. காம்பெலின் தெலுங்கு இலக்கண முன்னுரையில் எல்லிஸ் துரை 1816இலேயே அதனைக் காட்டினார். விரிந்த சான்றுகளால் அதனை நிலைநாட்டியமையே கால்டுவெலின் பெருமை.

ஆயினும், 1875இல் நூலைத் திருத்தியபோதும் தமிழிலக்கியத்தின் காலத்தை அவர் மிகப் பிற்பட்டதாகவே கணித்தார். காரணம் யாது? சங்கத் தொகைகள் அன்று ஏட்டில் உறங்கின. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை 1887இலும், சாமிநாதையர் புறநானூற்றை 1894இலும் அச்சேற்றினர். பழைய கணிப்பு தளர்ந்தது.

கொள்கை சான்றால் எழும்; புதிய சான்றால் மாறும். எனவே மாணாக்கர்க்கு முடிபை மட்டும் ஓதாது, யார், எவ்வாண்டில், எச்சான்று கொண்டு கூறினார் என்பதையும் உடன் உணர்த்துவோமாக. இன்றேல் நாளை புதுச் சான்று தோன்றுங்கால் அவர்கள் திகைத்து நிற்பர்.