விளக்கை எடு: உரைவழிச் சாகசத்தின் பாணிகளும் தராதரங்களும்

குகைக்குள் ஒரு பாரசீகக் கம்பளம். அதன்மேல் பச்சை நிற டிராகன் ஒன்று வழியை மறித்துப் படுத்திருக்கிறது. கோடரியை எறிந்தால் செதிலில் பட்டுத் தெறித்து விழுகிறது. கூண்டில் கொண்டுவந்த பறவையைத் திறந்துவிட்டால் அது பாவம், ஒரே மூச்சில் சாம்பலாகிவிடுகிறது. வேறு வழி தெரியாமல் 'டிராகனைக் கொல்' என்று தட்டச்சு செய்கிறோம். எதைக் கொண்டு, வெறுங்கையாலா என்று கணினி திருப்பிக் கேட்கிறது. யாராக இருந்தாலும் அதை நக்கல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் 'ஆம்' என்று பதில் எழுதினால் டிராகன் செத்து விழுகிறது.

இது 1977-இல் முழு வடிவம் பெற்ற 'அட்வென்ச்சர்' என்ற ஆட்டத்தில் வரும் கட்டம். படம் கிடையாது, இசை கிடையாது. திரையில் ஒரு பத்தி, அதன் கீழே நம் சொல்லுக்காகக் காத்திருக்கும் ஒரு வெற்றுக் கோடு, அவ்வளவுதான். நாம் எழுதுவதைக் கொண்டு அடுத்த பத்தி பிறக்கும். இப்போது என் கேள்வி: அந்த டிராகனிடம் ஒருவர் மாட்டிக்கொண்டு, மேலே போக முடியாமல் ஆட்டத்தையே கைவிட்டால் குற்றம் யாருடையது? எழுதியவருடையதா, ஆடியவருடையதா? அரை நூற்றாண்டாக இந்தக் கலையில் கிளைத்த பாணிகள் எல்லாம் இந்த ஒரு வழக்குக்குச் சொன்ன வெவ்வேறு தீர்ப்புகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூல புருஷர் வில் க்ரௌதர். இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டுக்கு நிரல் எழுதியவர். விடுமுறையில் குகை ஏறி இறங்குபவர். கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைத் தொடரை மனைவி பட்ரீஷியாவோடு சேர்ந்து அளந்து வரைபடம் போட்டவர். மணவாழ்க்கை முறிந்தபின், தம் இரண்டு பெண்குழந்தைகளும் விளையாடட்டும் என்று, தெரிந்த குகையையே பிடிபி-10 கணினியில் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிவைத்தார். ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அதைக் கண்டெடுத்து, க்ரௌதரின் அனுமதி வாங்கி, புதையலும் பூதமும் டிராகனுமாகப் பெருக்கினார். ஆட்டம் சொல்லின் முதல் ஐந்தெழுத்தை மட்டுமே படிக்கும். அந்தக் கணினியின் நினைவகச் சொல் ஒன்றில் ஐந்து எழுத்துத்தான் அடங்கும். குகையில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவவைக்கும் மந்திரமான 'எக்ஸ்-ஒய்-இசட்-இசட்-ஒய்' என்பதும் ஐந்தெழுத்துதான். சைவர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொல்லக்கூடும்.

இந்த வழியில் வந்ததைக் கட்டளைப் பாணி எனலாம். ஆடுபவர் சொந்தமாகச் சொல்லை யோசித்து எழுத வேண்டும். அதைப் பிரித்துப் பொருள் காணும் பகுதிக்குப் பார்சர் என்று பெயர். இந்தப் பாணிக்கு மடம் போல அமைந்தது எம்.ஐ.டி. பல்கலைக்கழகம். மார்க் பிளாங்க், டேவ் லெப்லிங், டிம் ஆண்டர்சன், புரூஸ் டேனியல்ஸ் ஆகிய நால்வர் 1977-இல் அங்கே 'ஸோர்க்' எழுதத் தொடங்கினார்கள். இரண்டு சொல் கட்டளை போய், முழு வாக்கியமே புரியும் பார்சர் வந்தது. ஆரம்பத்தில் அதில் இருட்டில் நடந்தால் குழியில் விழுந்து சாவோம். வீட்டு மச்சில் இருட்டில் நடந்த ஒருவரும் குழியில் விழுந்து செத்தார். மச்சில் ஏது குழி என்ற கேள்வி எழவே, குழிகளை மூடிவிட்டு, இருட்டில் மட்டும் வாழ்ந்து மனிதரைத் தின்னும் 'க்ரூ' என்ற பிராணியை உள்ளே விட்டார்கள். ஆட்டக்காரர் செத்தாலும் அந்தச் சாவில் நியாயம் இருக்க வேண்டும் என்று பார்த்த பார்வை இது. இந்த மரபின் விமரிசனம் தொடங்கிய இடம் அந்த மச்சுதான் என்பேன்.

அவர்களில் சிலரும் நண்பர்களும் 1979-இல் தொடங்கிய இன்ஃபோகாம் நிறுவனம் ஒரு தந்திரம் செய்தது. அன்று வீட்டுக் கணினி ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஜாதி. ஆகவே எங்குமே இல்லாத ஒரு கணினியைக் கற்பனை செய்து, 'இசட் மெஷின்' என்று பெயரிட்டு, ஆட்டங்களை அதற்காக எழுதினார்கள். ஒவ்வொரு நிஜக் கணினிக்கும் அந்தக் கற்பனைக் கணினியைப் போல நடிக்கும் ஒரு சிறு நிரல் மட்டும் போதுமானதாக இருந்தது. 1980-இல் கடைக்கு வந்த ஸோர்க் இன்று கைபேசியில் ஓடுவதும் இதனால்தான்.

ஆனால் இன்ஃபோகாமின் மனசாட்சி இரட்டை வேடம் போட்டது. சிக்கலையும் விற்றது, அவிழ்க்கும் குறிப்பையும், கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சிட்டு, தடவினால் எழுத்துத் தோன்றும் பேனாவோடு தனிப் புத்தகமாக விற்றது. 1984-இல் வந்த 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு' ஆட்டத்தில், தொடக்கத்தில் தெருவில் நிற்கும் ஒரு நாய்க்கு சாண்ட்விச் போடாமல் வந்துவிட்டால், எத்தனையோ கட்டம் தாண்டிய பிறகு அதன் பலன் வந்து தலையில் விழும். அதற்குள் பூமியே அழிந்துபோயிருக்கும். திரும்பிப் போய் நாய்க்குச் சோறு போட வழியில்லை. கர்மவினை என்று ரசிப்பவர்கள் உண்டு. எனக்கு ரசிக்கவில்லை. ஸோர்க் இரண்டாம் பாகத்திலோ, பேஸ்பால் மைதானத்தின் அமைப்பு தெரியாதவர் ஒரு புதிர்ச் சுற்றிலிருந்து வெளியே வருவதே கஷ்டம். நம் ஊரில் கிட்டிப்புள் மட்டும் ஆடியவர் அங்கே சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நிறுவனம் 1986-இல் ஆக்டிவிஷன் கைக்குப் போய், 1989-இல் மூடப்பட்டது. சந்தை முடிந்தபிறகுதான் சாஸ்திரம் பிறந்தது. பிரிட்டிஷ் கணிதவியலர் கிரஹாம் நெல்சன், இசட் மெஷினுக்கு யார் வேண்டுமானாலும் ஆட்டம் எழுத உதவும் 'இன்ஃபார்ம்' என்ற மொழியை 1993-இல் வெளியிட்டார். அதே ஆண்டு 'கர்சஸ்' என்ற பெரிய ஆட்டத்தையும் எழுதிக் காட்டினார். சாகசம் எழுதும் கலையைப் பற்றிய அவருடைய கட்டுரையில் ஆட்டக்காரரின் உரிமைப் பட்டியல் ஒன்று இருக்கிறது. முன்னறிவிப்பில்லாமல் கொல்லாதே, முந்தைய 'பிறவி'யில் செத்துத் தெரிந்துகொண்ட விஷயம் இந்தப் பிறவிக்குத் தேவைப்படக் கூடாது, சரியான அந்த ஒரே வினைச்சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்லி வதைக்காதே, விடை தெரிந்தபிறகாவது அது ஏன் விடை என்று புரிய வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது, ஆடுபவர் அமெரிக்கராக இருந்தாக வேண்டிய கட்டாயம் கூடாது என்ற உரிமை. பேஸ்பால் நினைவில் எழுதியிருப்பார்.

நெல்சன் சட்டம் இயற்றினார் என்றால் ஆண்ட்ரூ பிளாட்கின் தராசு செய்தார். 1996-இல் அவர் வகுத்த கொடுமை அளவுகோலில் ஐந்து படிகள். தமிழில் இரக்கம், மரியாதை, கடுமை, பொல்லாங்கு, கொடுமை என்று சொல்லிப் பார்க்கிறேன். ஆற்றைக் கடக்க ஒரே ஒரு கயிறு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்தாலும் அந்தக் கயிறு தொலையவே தொலையாது என்றால் அது இரக்கம். தொலைந்த மறுகணமே ஆட்டம் முடிந்தது கண்கூடாகத் தெரிந்தால் மரியாதை. கயிற்றைத் தீயில் போடப்போகும்போதே, இது திரும்ப வராது என்று நமக்குத் தெரிந்தால் கடுமை. போட்டபிறகுதான் தெரிந்தது என்றால் பொல்லாங்கு. போட்டபிறகும் தெரியாமல், மூன்று நாள் ஆடி ஆற்றங்கரைக்கு வந்து நிற்கும்போது தெரிந்தால் கொடுமை. நாய்க்குப் போடாத சாண்ட்விச் இந்தக் கடைசிப் படியில்தான் உட்காரும். பிளாட்கின் கொடுமையைத் தடை செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். என்ன படி என்று ஆடுபவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் போதும். கடை வாசலில் காரத்தின் அளவை எழுதிப்போடுவது போன்ற நேர்மை அது.

1995-இல் தொடங்கிய ஐஎஃப்காம்ப் என்ற ஆண்டுப் போட்டி, நடுவர்கள் இரண்டு மணிநேர ஆட்டத்தை வைத்தே மதிப்பெண் போட வேண்டும் என்று விதித்தது. அந்த ஒரு விதி கலையையே மாற்றிவிட்டது. காவியம் சிறுகதையாயிற்று. ஆடம் காட்ரேயின் 'ஃபோட்டோப்பியா' 1998-இல் அங்கே முதலிடம் பெற்றது. அதில் புதிர் என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லை. எமிலி ஷார்ட் 2000-இல் எழுதிய 'கலாத்தியா'வில் இருப்பது ஒரு சிலைப் பெண்ணும் அவளோடு நாம் பேசும் பேச்சும்தான். எதைக் கேட்டோம், எதற்குப் பிறகு கேட்டோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். மாட்டிக்கொள்வது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இரண்டாவதான தெரிவுப் பாணி காகிதத்தில் பிறந்தது. எட்வர்ட் பாக்கார்டின் 'காலக் குகை' 1979-இல் பாண்டம் பதிப்பகத்தின் தொடரில் முதல் நூலாக வந்தது: இடது பக்கம் போவதானால் இந்தப் பக்கத்துக்குப் போ, வலது பக்கமானால் அந்தப் பக்கத்துக்குப் போ என்ற முறை. 1982-இல் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் பகடையையும் சேர்த்து, 400 பத்திகளில் 'வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்' எழுதினார்கள். சிறுவயதில் அதை வாடகை நூல்நிலையத்தில் எடுத்தேன். முன்னால் படித்தவர் தம் உடல்வலுக் கணக்கைப் பென்சிலால் போட்டுப் போட்டு அழித்திருந்தார். கடைசிக் கணக்கு பூஜ்யத்தில் நின்றது. ஐந்து விரலையும் ஐந்து பக்கத்தில் சொருகிக்கொண்டுதான் நானும் ஆடினேன். அது ஏமாற்று அல்ல; இந்தப் பாணி வாசகருக்குக் கொடுத்த மேல்முறையீட்டு உரிமை. பாக்கார்டே 1982-இல் ஒரு வேடிக்கை செய்தார். 'இன்சைட் யுஎஃப்ஓ 54-40' நூலில் அல்டிமா என்ற சொர்க்கக் கிரகம் ஒன்று உண்டு. எந்தத் தெரிவும் அங்கே இட்டுச் செல்லாது. விதியை மீறிப் புரட்டுபவருக்கு மட்டுமே அந்தப் பக்கம் கண்ணில் படும்.

ஜாக்சன் தனியாக எழுதிய 'சோர்சரி!' வரிசையில் மந்திரங்கள் மூன்றெழுத்துச் சங்கேதங்கள். மந்திரப் புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டு மூடிவைத்துவிட வேண்டும். பிறகு நெருக்கடியில் ஐந்து சங்கேதம் காட்டப்படும். அவற்றில் இல்லாத மந்திரங்களும் கலந்திருக்கும். படித்தவனுக்குத்தான் பலன் என்ற அந்தத் திண்ணைப் பள்ளிக்கூட நியாயம் எனக்கு ஒப்புதலே.

மூன்றாவதான 'மட்' பாணியை விரைவாகச் சொல்லிவிடலாம். எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-இல் ராய் ட்ரப்ஷா தொடங்க, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தது. ஒரே குகையில் ஒரே நேரத்தில் பலர். அங்கே கதையைத் திருப்புவது எழுத்தாளரைவிடச் சக ஆட்டக்காரர்தான். சண்டையில் செத்தால் மாதக்கணக்கில் வளர்த்த பாத்திரம் ஒரேயடியாக அழிந்துவிடும். பார்ட்டில் ஆட்டக்காரர்களைச் சாதிப்பவர், தேடுபவர், பழகுபவர், கொல்பவர் என்று நான்காகப் பிரித்து, டைமண்ட், இஸ்பேட், ஆர்ட்டின், கிளாவர் என்று சீட்டுச் சின்னமும் கொடுத்தார். அலுவலகங்களைக் கூட அதைக்கொண்டு அளக்கலாம்.

கிறிஸ் கிளைமாஸ் 2009-இல் இலவசமாகக் கொடுத்த 'ட்வைன்' தெரிவுப் பாணியைத் திரைக்குக் கொண்டுவந்தது. நிரல் தெரியாதவரும் எழுதலாம். சொல்லைச் சொடுக்கினால் கதை நகரும். கட்டளைப் பாணிக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், இது ஆட்டமா என்றார்கள். பந்தி வேறு போட்ட காலமும் இருந்தது. அதே சமயத்தில் வந்த 'சாய்ஸ் ஆஃப் கேம்ஸ்' நிறுவனத்தின் முதல் ஆட்டத்தில் நாமே டிராகன். அவர்களுடைய கணக்குமுறை நுட்பமானது. நம் டிராகனின் கொடூரம் நூற்றுக்கு 50-இல் இருந்தால், 20 விழுக்காடு கூட்டும்போது அது 60 ஆகும். 80-இல் இருந்தால் 84 மட்டுமே. மிச்சமுள்ள தூரத்தில்தான் விழுக்காடு. நூற்றைத் தாண்டவும் முடியாது. உச்சியில் இருப்பவர் மேலும் ஏறுவதும் சுலபமில்லை.

கிளைகளின் வடிவத்தைச் சாம் காபோ ஆஷ்வெல் 2015-இல் வகைப்படுத்தினார். பிரிந்தது சேராமலே போவது ஒன்று. அதற்குப் பாக்கார்டின் காலக் குகையையே பெயராக வைத்தார். பிரிந்து, திரும்ப ஒரு கழுத்தில் சேர்வது இன்னொன்று. முக்கொம்பில் பிரிந்த காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தைச் சுற்றிவந்து கல்லணையில் நெருங்குவது போல. எல்லாத் தெரிவும் ஓரிடத்தில் சேர்ந்தால் அது பித்தலாட்டம்தானே என்பார்கள். வந்து சேர்ந்தவர் புறப்பட்டவராகவே இருந்தால் பித்தலாட்டம்தான். வழியில் எதையாவது இழந்தோ பெற்றோ வந்தால், கழுத்து ஒன்றானாலும் கதை ஒன்றல்ல. 2014-இல் மெக் ஜயந்த் எழுத்தில் வந்த '80 டேஸ்' உலகம் சுற்றிக் கடைசியில் லண்டனுக்கே வருகிறது. ஒருவர் சுற்றியது போல இன்னொருவர் சுற்றியிருக்க மாட்டார்.

2019-இல் வந்த 'ஏஐ டஞ்சன்' வழக்கையே தள்ளுபடி செய்துவிட்டது. எதை எழுதினாலும் இயந்திரம் சரி என்று தொடர்கிறது. டிராகன் செத்தது என்றால் செத்தது; பக்கத்து வரியில் உயிரோடு வந்தாலும் வரும். யாரும் மாட்டிக்கொள்வதில்லை. எனக்குப் பத்து நிமிடத்தில் கொட்டாவி வந்தது.

தமிழில் இந்தக் கலைக்கு இலக்கணம் ஒரு கதவைத் திறந்து ஒரு கதவை மூடுகிறது. நம் ஏவல் வினை வேர்ச்சொல்லேதான்: எடு, திற, கொல். பார்சருக்கு இதைவிட வசதி ஏது? ஆனால் ஆங்கிலப் பார்சர் முதற்சொல்லில் வினையைத் தேடும். நமக்கு அது கடைசியில் இருக்கிறது. 'விளக்கை' என்பதிலிருந்து விளக்கையும், 'வாளால்' என்பதிலிருந்து வாளையும் உரித்தெடுக்கவும் வேண்டும். இவையெல்லாம் உழைத்தால் தீரும். தீராதது வேறொன்று. ஆங்கிலத்தில் ஆட்டம் நம்மை ஒரே சொல்லால் அழைத்துவிட்டு நழுவிக்கொள்கிறது. தமிழில் எழுத உட்கார்ந்து, குகை வாசல் என்று ஆரம்பித்து இரண்டாம் வாக்கியத்துக்கு வந்தேன். வாசலில் நிற்பவர் நீயா, நீங்களா? 'நிற்கிறாய்' என்றால் பாட்டி கதை சொல்வது போலிருக்கிறது, 'நிற்கிறீர்கள்' என்றால் வங்கியில் டோக்கன் கொடுப்பவர் பேசுவது போலிருக்கிறது. டிராகனிடம் போகும்போது மட்டும் 'நீ' என்று மாற்றிப் பார்த்தேன். இன்னும் அந்த இரண்டாம் வாக்கியத்தில்தான் இருக்கிறேன்.