பிரசுரம் படைத்த நகரம்

ஒரு கம்பனியின் விளம்பரப் பிரசுரத்தை இலக்கிய விமர்சனத்துக்கு உட்படுத்துவதா என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். ஆயினும், ஒரு காலத்து மக்களின் ஆசைகளை உருவாக்குவதில் காவியங்களிலும் பார்க்கத் துண்டுப் பிரசுரங்கள் வல்லவையாய் இருந்ததுண்டு. 1909ஆம் ஆண்டில் யப்பானின் ஒசாக்கா நகரத்தவருக்கென வெளியிடப்பட்ட ஒரு பிரசுரம் அத்தகையது. எத்தகைய நிலத்தைத் தெரிவு செய்வது, எத்தகைய வீட்டில் வாழ்வது என்ற இரு வினாக்களே அதன் தலைப்பு. எழுதியவர் கோபயாஷி இச்சிசோ. பின்னாளில் ஹான்க்யூ எனப் பெயர் பெற்ற மின்சார இரயில்பாதைக் கம்பனியை உருவாக்கியவர்.

இவரை வெறும் வியாபாரி என்று ஒதுக்கிவிட முடியாது. இளமையில் நாவலாசிரியராக வேண்டுமென்று கனவு கண்டவர். 1890இல் தம் சொந்த மாகாணமான யமனாஷியின் பத்திரிகையொன்றில் தொடர்கதை எழுதியவர். பின்னர் மிற்சுயி வங்கியில் உத்தியோகம் பார்த்தார். கதாசிரியனின் கையும் வங்கி உத்தியோகத்தனின் கண்ணும் பிரசுரத்தில் ஒருங்கே தொழிற்படுகின்றன. கால்வாய்களால் அழகு பெற்றிருந்த ஒசாக்கா புகை நகரமாகிவிட்டதென்று அது இரங்குகிறது. பத்துப் பிறப்புக்குப் பதினொரு சாவு என்று கணக்குக் காட்டி அச்சமூட்டுகிறது. அச்சம் உச்சம் பெறும் வேளையில் மரங்களும் தோட்டமும் தூய காற்றும் நிறைந்த புறநகரைக் காட்டுகிறது. காலையில் நகருக்குத் தொழிலுக்குச் சென்று மாலையில் அவ்வீட்டுக்குத் திரும்பலாம், அதற்குத்தான் இரயில். வசனம் தேர்ந்த வசனம் என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

1910 மார்ச் மாதத்தில் பாதை திறக்கப்பட்டது. அதே ஆண்டில், பாதையோரமாக இக்கேடா முரோமாச்சி என்னுமிடத்தில் வீடுகள் விற்பனைக்கு வந்தன. நூறு துபோ காணியும் (ஒரு துபோ ஏறத்தாழ 3.3 சதுர மீற்றர்) வீடும் சேர்ந்து 2,500 யென், மாதம் 24 யென் வீதம் பத்தாண்டுத் தவணை. வாடகை வீட்டிலே காலந்தள்ளிய சம்பளக்காரருக்கு இது சொந்தக் கூரையைத் தந்தது. அந்த நன்மையை மறைப்பது நேர்மையான விமர்சனமாகாது.

ஆனால் பிரசுரம் மறைத்த ஒன்றுண்டு. வயலும் குன்றுமான அப்பாதையில் ஏறுவதற்கு ஆளில்லை என்று பலர் நகைத்த போது, இலாபம் பயணச்சீட்டில் மட்டுமன்று, காணியிலும் உள்ளது என்பதைக் கோபயாஷி கண்டுகொண்டார். அந்தக் கணக்கை 1953இல் வெளிவந்த தம் சுயசரிதையில் அவரே ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். துபோ ஒரு யென் வீதம் ஐந்து இலட்சம் துபோ வாங்கிவிட வேண்டும். பாதை திறந்த பின் துபோவுக்கு இரண்டரை யென் இலாபம். அரையாண்டுக்கு 50,000 துபோ விற்றால் 125,000 யென். மண் அதே மண்தான். அதன் விலையை உயர்த்தியவர்கள் பாதைக்கு மண் வெட்டியவர்களும், நாள்தோறும் அதிற் பயணஞ் செய்தவர்களுமே. உயர்வோ பங்குதாரரைச் சேர்ந்தது. தூய காற்றைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியவர் இதைப் பற்றி ஒரு வரியும் எழுதாதது தற்செயலன்று.

நிலையத்தைச் சூழ வீடும் கடையும் அமைக்கும் இன்றைய நகரத் திட்டங்களுக்குக் கோபயாஷியை முன்னோடியாகக் கொள்வோர் பலர். ஹொங்கொங்கின் இரயில் கம்பனி நிலையங்களுக்கு மேலேயே மாடி வீடுகளையும் கடைத்தொகுதிகளையும் எழுப்புகிறது. பாதை வருமுன் இருந்த மதிப்புக்கு அரசாங்கத்திடம் நிலவுரிமை பெற்று, உயர்ந்த விலையிற் பங்கு கொள்வது அதன் முறை. அரசாங்கமே பெரும்பங்குதாரராதலால் உயர்வின் ஒரு பகுதி பொதுப் பணமாகத் திரும்புகிறது. கோபயாஷியின் கணக்கைவிட இது மேலானதே. எனினும் உலகில் வீட்டு விலை மிகவுயர்ந்த நகரங்களுள் ஒன்றாகவே ஹொங்கொங் இருந்து வருகிறது.

மீண்டும் ஒசாக்காவுக்கு வருவோம். புகையைக் கண்டு இரங்கிய பிரசுரம் புகையின் கீழ் நின்றவர்களைக் காணவில்லை. ஒசாக்கா ஆலைகளில் உழைத்த ஹொசோயி வாக்கிசோ என்ற தொழிலாளி, நெசவாலைப் பெண்களின் துயர வரலாற்றை ‘ஜொக்கோ அயிஷி’ என்ற நூலாக 1925இல் வெளியிட்டு, அடுத்த மாதமே இறந்தார், வயது இருபத்தெட்டு. ஆலை விடுதிகளில் அடைபட்ட அப்பெண்களுக்கு 24 யென் தவணை எட்டாக்கனி. முரோமாச்சி வீடுகள் விற்பனைக்கு வந்த நாளில் அவர்களது மாத ஊதியம் அதில் பாதியளவுகூட இல்லை. அதே இரயில்பாதையின் மறுமுனையான தக்கராசுக்காவிலே, பயணிகளை இழுப்பதற்காகக் கோபயாஷி தோற்றுவித்த மகளிர் இசை நாடகக் குழு 1914இல் அரங்கேறியது. கைவிடப்பட்ட நீச்சற் குளமே முதல் அரங்கு. பெண்களே ஆண் வேடமும் தாங்கும் அக்கலை இன்றும் வாழ்கிறது. அதன் தகுதியை நாம் குறைத்துரைக்கவில்லை. ஒரு பாதையின் இரு அந்தங்களில் இரு வகைப் பெண்கள்: ஒருவரைப் பற்றிய சுவரொட்டி வண்டியில் ஒட்டப்படுகிறது, மற்றவரைப் பற்றிய நூலை ஒரு தொழிலாளி எழுத வேண்டியிருந்தது. நாம் மாணவர்க்குச் சொல்வது, இரண்டையும் சேர்த்துப் படியுங்கள் என்பதே.

1929இல் உமேடா முனையத்தில் எட்டு மாடிப் பேரங்காடி எழுந்தது. பொருளாதார மந்த காலத்தில் அதன் உணவுச்சாலைக்கு வந்த கீழ்நிலை உத்தியோகத்தர், வெறுஞ்சோறு மட்டும் வாங்கி, மேசையில் இலவசமாக இருந்த சோஸை ஊற்றி உண்டனர். சிப்பந்திகள் அவர்களைத் தடுக்க எண்ணிய போது கோபயாஷி இசையவில்லை. சோறு மட்டும் உண்போரையும் வரவேற்கும்படி பணித்தார். இன்று இவர்கள் வறியவர்கள், நாளை மணமுடித்துப் பிள்ளைகளோடு இங்கேயே வருவார்கள் என்பது அவர் கூறிய காரணமாம். அப்பிள்ளைகளுக்கான வீட்டுக் காணிகளும் அவரிடமே இருந்தன.