காற்று அறுத்தாலும் கணக்குத் தப்பாத கடிகாரம்

கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து பாம்பனில் என் வீட்டில் லேப் ஸ்ட்ரீமிங் லேயர் ஓடிக்கொண்டிருக்கிறது. சுருக்கமாக எல்.எஸ்.எல். ஒருவர் தலையில் மாட்டிய ஈ.ஈ.ஜி. தொப்பியிலிருந்து வரும் மூளை அலைகளை அப்போதைக்கப்போதே நெட்வொர்க் வழியாக வேறொரு கணினியில் இருக்கும் ஆய்வு மென்பொருளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இதன் வேலை. சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஸ்வார்ட்ஸ் மையத்தில் கிறிஸ்டியன் கோத்தே எழுதத் தொடங்கியது. ஈ.ஈ.ஜி. ஆய்வாளர்கள் அன்றாடம் புழங்கும் ஈ.ஈ.ஜி.லேப் வளர்ந்ததும் அதே மையத்தில்தான். காசு கிடையாது, மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பைத்தான், மேட்லேப், சி++ என எதிலிருந்தும் கூப்பிடலாம். இந்த விவரமெல்லாம் தேடினால் கிடைத்துவிடும். நான் எழுத விரும்புவது இதன் கடிகாரத்தைப் பற்றி.

அதற்கு முன், ஒரே வீட்டுக்குள் இதற்கு நெட்வொர்க் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூளை அலை தலைக்கு வெளியே வந்து சேரும்போது மைக்ரோவோல்ட் கணக்கில்தான் இருக்கும். அதே அறையில் ஓடும் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதை அப்படியே மூடிவிடும். ஆகவே தலைக்குப் பக்கத்தில் இருக்கும் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட வேண்டும். கணக்குப் போட்டு வரைபடம் காட்டும் பெரிய கணினி அடுத்த அறையில் மின்சாரத்தோடு இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே எல்.எஸ்.எல்.

என்னிடம் இருப்பது ஓப்பன்பிசிஐ நிறுவனத்தின் சைட்டன் போர்டு. 8 சேனல், நொடிக்கு 250 சாம்பிள், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 24 பிட் சிப். இதிலிருந்து நெட்வொர்க்கில் ஓடும் தரவு எவ்வளவு என்று பலரும் பயப்படுகிறார்கள். ஒரு சாம்பிளுக்கு 4 பைட் என்று வைத்தால் 8 சேனலுக்கும் சேர்த்து நொடிக்கு 8,000 பைட். ஒரு மணி நேரத்துக்கு 29 எம்.பி.கூட ஆகாது. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு சின்ன வீடியோவின் அளவு. 5ஜி இருக்கிறதா, ஃபைபர் வந்துவிட்டதா என்ற விசாரணைக்கெல்லாம் இங்கே வேலையே இல்லை.

சிக்கல் வேகத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. கண்ணை மூடினால் பின்னந்தலையில் எழும் ஆல்ஃபா அலை நொடிக்குப் பத்து முறை ஏறி இறங்குகிறது. ஜெர்மனியின் யேனா நகரில் 1924-இல் மனித மூளை அலையை முதன்முதலாகப் பதிவு செய்த ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்ட கட்டுரையில் பேசியது இந்த அலையைத்தான். ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் சேர்ந்து 100 மில்லிசெகண்ட். நெட்வொர்க்கில் 50 மில்லிசெகண்ட் தாமதம் வந்து, அந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் மேடு இருந்த இடத்தில் பள்ளம் நிற்கும். வைஃபையில் 50 மில்லிசெகண்ட் ஒரு பொருட்டே இல்லை. பாட்டு கேட்பவருக்கும் படம் பார்ப்பவருக்கும் அது தெரியவே தெரியாது. ஆனால் ஒரு மணியோசையை எழுப்பிவிட்டு, மூளை அதற்கு எப்போது பதில் சொல்கிறது என்று பார்ப்பவருக்கு உழைப்பெல்லாம் வீண்.

எல்.எஸ்.எல். செய்வது இதுதான். ஒவ்வொரு சாம்பிளின் மேலும் அது புறப்பட்ட கணினியின் நேரத்தைப் பதித்து அனுப்புகிறது. ஏலக்கூடத்துக்குக் கூடை எத்தனை மணிக்கு வந்தது என்று பார்ப்பதில்லை, மீன் எத்தனை மணிக்கு வலையில் விழுந்தது என்றே பார்க்கிறது. இரண்டு கணினிகளின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது என்பதும் அதற்குத் தெரியும். அதனால் சில நொடிகளுக்கு ஒருமுறை பெறும் கணினி அனுப்பும் கணினியிடம் "உன் மணி என்ன?" என்று கேட்டு, கேள்வி போய்ப் பதில் வர ஆன நேரத்தையும் கழித்து, வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டே வருகிறது. இணையத்தில் கணினிகள் மணி சரிபார்க்கும் முறையின் உறவுக்காரன்தான் இது. நல்ல உள்ளூர் நெட்வொர்க்கில் பிழை ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே நிற்கிறது. எல்.எஸ்.எல்.லின் பதிவு நிரலான லேப்ரெக்கார்டரில் பதிவு செய்தால் அந்த வித்தியாசப் பட்டியலும் எக்ஸ்.டி.எஃப். கோப்புக்குள் தனியாகவே சேமிக்கப்படுகிறது. மூல நேரத்தை யாரும் தொடுவதில்லை. திருத்தம் கோப்பைத் திறக்கும்போதுதான் நடக்கிறது. நாளைக்கு இன்னொருவர் வேறு முறையில் திருத்திப் பார்க்கலாம். இதை வடிவமைத்தவர்களின் நேர்மைக்கு இந்த ஒன்று போதும்.

பாம்பனில் இதன் அருமை இன்னும் கூடுதல். காற்று கிளம்பினால் கரண்ட் எப்போது போகும், ரவுட்டர் எப்போது கண்ணைச் சிமிட்டும் என்று சொல்ல முடியாது. தங்கையின் வீட்டுக்காரர் இரவெல்லாம் வலையோடு கிடந்துவிட்டு விடிந்து கரைக்கு வருபவர். அவருக்குத் தூக்கம் எப்படி இறங்குகிறது என்று பார்க்க எனக்கு ஆசை. ஒரு காலைப்பொழுதில் சம்மதித்து உட்கார்ந்தார். பின்னந்தலையில் முடியை வகிர்ந்து, தோலைத் துடைத்து, பேஸ்ட் வைத்து எலக்ட்ரோடுகளை அழுத்தினேன். காது மடலில் ஒன்று.

"மச்சான், நான் கண்ண மூடுறது அந்த ரூம்ல தெரியுமா?"

"மூடிப் பாருங்க மாப்ள, மகன்கிட்ட கேட்டுக்கலாம்."

மூடினார். அடுத்த அறையிலிருந்து என் பையன் கத்தினான்: "மாமா, சீப்புப் பல்லு மாதிரி வருது!" திறந்தார், போய்விட்டது. மூடினார், வந்தது. சிரித்தார், தாடைத் தசையின் மின்னோட்டத்தால் திரையெல்லாம் கருத்துக் கிடந்தது. அப்புறம் சாய்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சீப்பு அங்கங்கே உடைந்து, சின்னதாகி, அதன் இடத்தில் நொடிக்கு நான்கைந்து முறை அசையும் தீட்டா அலைகள் வரத் தொடங்கின. மனிதர் தூக்கத்தின் வாசலில் நிற்கிறார். சரியாக அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு தள்ளு தள்ளியது, வைஃபை அறுந்தது, திரையில் கோடு அப்படியே நின்றது. இணைப்பு திரும்பியதும் நின்ற கோடு ஓட்டமாக ஓடி நிகழ்காலத்தைப் பிடித்தது. அறுந்திருந்த நேரத்துச் சாம்பிள்கள் அனுப்பும் கணினியின் நினைவகத்தில் காத்திருந்து, ஒன்றுவிடாமல், வரிசை மாறாமல், தத்தம் மணியோடு வந்து உட்கார்ந்தன. இணைப்பு நீண்ட நேரம் போனாலோ அனுப்பும் நிரலே நின்றுவிட்டாலோ இந்த மீட்பு நடக்காது, இடைவெளி விழும். ஆனால் அந்த இடைவெளி எவ்வளவு என்பதையும் மணி மறைக்காமல் சொல்லிவிடும்.

இந்த வேலையை வீட்டுக்குள் செய்ய முடிவதைப் பெரிதாக நினைக்கிறேன். மூளை அலை பற்றிய நம் அறிவில் பெரும்பகுதி பல்கலைக்கழக வளாகங்களின் குளிர்சாதன அறைகளில், அங்கே கிடைக்கும் மாணவர்களின் தலையிலிருந்து எடுத்தது. தாரா தியாகராஜனின் சேப்பியன் லேப்ஸ் குழு எமோட்டிவ் ஹெட்செட்டுகளை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டின் கிராமங்களிலும் நகரங்களிலும் பதிவு செய்தது. ஆல்ஃபா அலையின் வலு மக்களின் வருமானம், வாழ்க்கை முறை ஆகியவற்றோடு சேர்ந்து மாறுவதை அவர்கள் கண்டார்கள். கடலில் இரவைக் கழிப்பவர்களின் தூக்கத்தையும் கடற்கரையிலேயே உட்கார்ந்து அளக்க வேண்டும். மதுரைக்கு அழைத்துப்போய் அளந்தால் அது வேறு தூக்கம்.

இனி என் கோபங்கள்.

முதல் கோபம், ஸ்ட்ரீம் கண்ணில் படாமல் போவது. எல்.எஸ்.எல். நிரல்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க நெட்வொர்க் முழுக்கக் கூவிப் பார்க்கின்றன, மல்டிகாஸ்ட் முறை. வீட்டு ரவுட்டர்கள் பலவற்றிலும், செல்போன் ஹாட்ஸ்பாட்டிலும், விடுதி வைஃபையிலும் அந்தக் கூவலை அடைத்துவிடுகிறார்கள். அடைபட்டால் எந்தப் பிழைச்செய்தியும் வராது. அனுப்பும் பக்கம் அனுப்பிக்கொண்டே இருக்கும், பெறும் பக்கம் தேடிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் ஃபயர்வாலும் தன் பங்குக்குக் கதவைச் சாத்தும். புதிதாக வருபவர் போர்டில் கோளாறு, தொப்பியில் கோளாறு என்று எங்கெங்கோ தேடி அலைவார். தீர்வு உண்டு: எல்.எஸ்.எல். அமைப்புக் கோப்பில் 'நோன்பியர்ஸ்' என்ற வரியில் அடுத்த கணினியின் ஐ.பி. எண்ணை எழுதிவிட்டால் கூவாமலே நேரே போய்க் கதவைத் தட்டும். இத்தனை பேர் தடுக்கி விழும் இடத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகை வைக்க இவ்வளவு காலம் ஏன் ஆகிறது?

இரண்டாவது, எல்.எஸ்.எல். மேல் பழி சொல்ல முடியாதது. தலையிலிருந்து லேப்டாப் வரை நடக்கும் தாமதம் அதற்குத் தெரியாது. சைட்டன் போர்டு ரேடியோவில் பேசி, யு.எஸ்.பி. டாங்கிள் அதைப் பிடித்து, நிரல் அதைப் படித்த பிறகுதான் மணி குத்தப்படுகிறது. அந்தத் தாமதம் எவ்வளவு என்பதை அளந்து கழிப்பது நம் பொறுப்பு. கடிகாரம் மில்லிசெகண்ட் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக அதற்கு முன்னால் நடந்ததும் சுத்தம் என்று நம்பிவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். தூக்கம் பார்ப்பவருக்கு இது பரவாயில்லை. மணியோசைக்கு மூளையின் பதிலைத் தேடுபவர் அளக்காமல் தொடங்கக் கூடாது.

எங்கள் ஊருக்கென்று ஒரு தொல்லை, உப்பு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பைச் சோதிக்க எதிரே மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பது காரணமில்லாமல் இல்லை. டாங்கிளின் முனைகளை மாலையில் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு டப்பாவில் அடைத்து வைக்க வேண்டும். வேர்வையும் உப்புநீர்தான். அடுத்தடுத்த எலக்ட்ரோடுகளை அது இணைத்துவிட்டால் இரண்டு சேனல் ஒன்றாகிவிடும். கோடு மெதுவாக மிதந்து மேலே போய்க் கீழே வரும். காலை இளங்காற்றில் உட்காருங்கள், மதியம் வேண்டாம்.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. எல்.எஸ்.எல். ஸ்ட்ரீமுக்குப் பூட்டு கிடையாது. கடவுச்சொல்லும் இல்லை, மறையாக்கமும் இல்லை. ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் எவரும் ஸ்ட்ரீமைக் கண்டுபிடித்து இணைத்துப் பதிவு செய்துகொள்ளலாம். 'செஷன் ஐடி' வைத்துக் குழுவைப் பிரிக்கலாம் என்றாலும் அது வேலி மட்டுமே, பூட்டு ஆகாது. பூட்டிய ஆய்வகத்துக்குள் கேபிளில் ஓடுவதற்காக எழுதப்பட்டது என்பது புரிகிறது. ஆனால் இன்று இது பள்ளி ஆய்வகம், யோகா நிலையம், வாடகை வீடு என்று எல்லா இடத்துக்கும் போய்விட்டது.

மூளை அலை நம் நாட்டில் விளையாட்டுப் பொருளாக இருந்ததில்லை. 2008-இல் புணேயில் ஒரு கொலை வழக்கில் மூளை அலைச் சோதனையையும் சான்றுகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2010 மே 5-ஆம் தேதி, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், ஒருவரின் சம்மதமில்லாமல் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவல்துறையே சம்மதம் கேட்டுத்தான் தொட வேண்டிய ஒன்றை, பக்கத்து வீட்டு லேப்டாப் கேட்காமல் எடுத்துக்கொள்ள விடலாமா? தங்கையின் வீட்டுக்காரர் சம்மதித்தது என்னிடம். தெருவிடம் இல்லை.

ஆகவே என் வீட்டில் வைஃபைக்கு இப்போது இடமில்லை. இரண்டு கணினிகளுக்கும் நடுவே ஒரு லேன் கேபிள், இணையத்தோடு தொடர்பே இல்லாமல். ஸ்ட்ரீமைக் கண்டுபிடிக்கும் சிக்கலும் தீர்ந்தது, பூட்டுப் பிரச்சினையும் தீர்ந்தது, காற்றின் தொல்லையும் ஒழிந்தது.

வாங்கலாமா என்று கேட்டால்: எல்.எஸ்.எல்.லைத் தயங்காமல் இறக்கிக்கொள்ளுங்கள். அலையை வாங்கிப் பார்க்க பைத்தானில் எம்.என்.ஈ.-எல்.எஸ்.எல். போதும். சைட்டன் போர்டின் விலை மாணவர்களுக்குக் கட்டாது. இந்தியாவிலேயே தயாராகும் அப்சைடு டவுன் லேப்ஸின் பயோஆம்ப் எக்ஸ்ஜி பில் சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். அவர்களின் கார்ட்ஸ் பைத்தான் மென்பொருள் நேராக எல்.எஸ்.எல்.லுக்கு அனுப்பும். ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டும் சேர்ந்தால் ஒரு சேனலில் தொடங்கி ஆல்ஃபா அலையைப் பார்க்க அது போதும். வலிப்புக்கோ வேறு நோய்க்கோ இதில் விடை தேடாதீர்கள். அதற்கு மருத்துவமனை ஈ.ஈ.ஜி.யும் நரம்பியல் மருத்துவரும் இருக்கிறார்கள். பிறர் தலையில் தொப்பி மாட்டும் முன் அலை எங்கே போகிறது, யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் கோப்பு இருக்கும் என்று அவருக்குச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் நம்மூரிலும் ஏராளம் இருக்கிறீர்கள். மூலநிரல் திறந்தே இருக்கிறது. இதற்கு ஒரு பூட்டு செய்து கொடுங்கள்.