எந்தத் தோட்டம், எந்த மாதம்?

மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த 200ஆம் ஆண்டையொட்டி, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபவனி ஆகஸ்டில் மாத்தளையை அடைந்தது. முன்னோர் பட்ட பாட்டைக் கவிதையாகவும் ஓவியமாகவும் நாடகமாகவும் சொல்லும் ஆர்வம், ஹற்றன், நுவரெலியாப் பக்கத்து இளைஞரிடம் இன்று கூடியிருக்கிறது. இந்த நினைவுகூரல் எதைச் சாதிக்கிறது, எங்கே தவறுகிறது என்று பார்க்கும் நேரம் இது.

சாதனை சிறியதல்ல. தோட்ட மக்களின் வரலாறு நெடுங்காலம் தொழிற்சங்க மேடைகளில் தலைவர்களின் வரலாறாகவே சொல்லப்பட்டது. இளைஞர் அதை லயக் காம்பிராவுக்குள் கொண்டுவந்தார்கள். மலையகத்தில் பிறந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் பாவித்த தேயிலைப் பைகளையே தம் கலைக்கு ஊடகமாக்குகிறார். அவற்றில் படிந்த தேநீர்க் கறையின் பொருளைச் சிங்களப் பார்வையாளருக்கும் யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து நடந்துவந்தவர்களில் பலர் வழியிலேயே மடிந்தார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு லட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1974இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. 1977 ஆகஸ்டில் லயங்கள் தாக்கப்பட்டன. 1983 ஜூலையில் பதுளையிலும் நுவரெலியாவிலும் தமிழர் கடைகள் எரிந்தன. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளிகள் வேறு: துரைமாரும் கங்காணிகளும், பாராளுமன்றம், அரசின் உணவுக் கொள்கை, கும்பலும் அதைத் தடுக்காத காவல்துறையும். இவை எல்லாவற்றையும் ‘தேநீரில் கலந்த இரத்தம்’ என்று ஒரே படிமத்தில் கரைத்துவிட்டால், பதில் சொல்ல வேண்டியவர் யாரும் மிஞ்சுவதில்லை.

படைப்புகள் முன்னோர் வந்த 1823ஐ நாடுவதற்கும் 1983ஐத் தவிர்ப்பதற்கும் அச்சமும் ஒரு காரணம். வெள்ளைக்காரத் துரை ஊரைவிட்டுப் போய்விட்டான். அவனைக் குற்றம்சாட்டினால் யாரும் கோபிக்கமாட்டார்கள். கடைக்குத் தீ வைத்தவனோ அதே நகரில் பேரப்பிள்ளைகளோடு வாழக்கூடும். அரசாங்கப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் எந்த நாடகத்தைத் துணிந்து மேடையேற்றுவார் என்பது சொல்லாமலே விளங்கும்.

இன்னொரு குறை, தமிழர் மீதான இனப்படுகொலையை எழுத முனையும்போது, 2009இல் வன்னிப் போர் முடிந்த முள்ளிவாய்க்காலின் படிமங்களை இரவல் வாங்குவது. அதற்குத் தேவையே இல்லை. 1977, 1983 வன்முறைகளுக்கு அஞ்சி மலையிறங்கிய தோட்டக் குடும்பங்கள் பல வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறின. 1977இல் வந்தவர்களில் பலருக்குக் காந்தியம் அமைப்பு காணி தேடிக்கொடுத்தது. அந்தக் குடும்பங்களில் பலவும் 2009இல் வன்னிப் போருக்குள் அகப்பட்டன. முள்ளிவாய்க்கால் மலையகத்தின் சொந்த வரலாறும்கூட. இந்த நேரடித் தொடர்பை இளைஞரின் படைப்புகள் போதிய அளவு தொடவில்லை.

கலை, நீதிமன்றக் கோப்பு அல்ல என்பார்கள். உண்மைதான். ஆனால் சி. வி. வேலுப்பிள்ளை இரண்டையும் செய்தார். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்று, தம் மக்களின் வாக்குரிமை பறிபோனதைக் கண்ட அவர், கவிதையும் நாவலும் எழுதியதோடு தோட்டத்துப் பாடல்களையும் தேடித் தொகுத்தார். அவரிடம் படைப்பும் பதிவும் கைகோத்து நடந்தன. இன்று பதிவு அவசரமாகியிருக்கிறது: 1977இல் வாலிபராக இருந்தவர்கள் அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் சம்மதிக்கும் அளவுக்குத் தோட்டம், டிவிசன், மாதம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வதும், பெயரை மறைக்கச் சொன்னால் மறைப்பதும் படைப்பாளியின் கடமையே. இதனால் கவிதை கெட்டுவிடாது. மறுப்பவருக்கு முன்னால் அதற்குப் பலம் கூடும்.

மாற்றத்தைப் பாடசாலைப் போட்டிகளிலேயே தொடங்கலாம். ‘தேயிலையும் கண்ணீரும்’ என்று தலைப்புக் கொடுத்தால் பிள்ளைகள் கூடையையும் கொழுந்தையும் வரைந்துவிட்டுப் போவார்கள். ‘1977 ஆகஸ்டில் நம் டிவிசனில் என்ன நடந்தது?’ என்று கொடுத்தால், தூரிகையை எடுக்குமுன் அப்பாயியிடம் போய்க் கேட்டாக வேண்டும்.