எருவின் கரைசலும் கன உலோகமும்

கன உலோகம் சேர்ந்த வயலுக்கு எருவே மருந்து என்ற அறிவுரை ஊரெங்கும் கேட்கிறது. நன்கு மக்கிய எருவைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரிதான். ஈயமும் காட்மியமும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் எருவில் ஒரு பங்கு நீரோடு கரைந்துவிடுகிறது. 0.45 மைக்ரான் வடிதாளைத் தாண்டி இறங்கும் பழுப்பு நீரில் இருக்கும் இந்தக் கரைந்த கரிமப் பொருளின் குணம் வேறு.

தாமிரத்தைப் பார்ப்போம். மண் கரைசலில் இருக்கும் தாமிரத்தின் பெரும்பகுதி தனி அயனியாக இருப்பதில்லை. கரிம மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டிருக்கிறது. வேர் முதன்மையாக எடுப்பதோ தனி அயனியை. அதனால் ஜாடியில் ஊட்டக் கரைசலில் பயிர் வளர்த்து, கரைந்த கரிமப் பொருளில் ஒரு வகையான ஹியூமிக் அமிலத்தைச் சேர்த்தால், உறிஞ்சப்படும் உலோகம் பல சோதனைகளில் குறைகிறது. இதை வைத்து ஹியூமிக் அமிலம் உலோக நஞ்சை முறிக்கும் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. ஜாடியில் உலோகத்தின் மொத்த அளவு மாறாது. வயலிலோ களிமண்ணும் இரும்பு ஆக்சைடும் பிடித்து வைத்த பெரும் இருப்பு பக்கத்திலேயே இருக்கிறது. கரிம மூலக்கூறு அதிலிருந்து உலோகத்தைக் கழற்றி வேரடிக்குக் கொண்டுவருகிறது. பிணைப்பு தளர்வாக இருந்தால் அங்கே அயனி விடுபடுகிறது. ஜாடியில் குறைந்தது வயலில் கூடலாம்.

இன்னொரு பிசகும் உண்டு. கரைந்த கரிமம் வேர்களைத் தூண்டுகிறது, இரும்பும் துத்தநாகமும் கிடைக்க உதவுகிறது, பயிர் செழிக்கிறது. செடி பெருத்ததால் மட்டுமே ஒரு கிலோவுக்கான உலோக அளவு குறைந்து தெரியலாம். செடி மொத்தம் எவ்வளவு எடுத்தது என்று சொல்லாத முடிவுகளை நம்பக்கூடாது.

குரோமியத்தில் கரிமத்தின் பக்கம் நியாயம் கூடுதல். ராணிப்பேட்டையில் குரோமேட் கழிவு குவிந்த மண்ணில் அச்சுறுத்துவது, நீரில் எளிதில் நகரும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம். கரிமம் அதை நஞ்சு குறைந்த, நகராத வடிவத்துக்கு மாற்றுகிறது. ஆனால் மண்ணின் மாங்கனீசு ஆக்சைடு அதில் கொஞ்சத்தைத் திருப்பிவிடக்கூடும், கண்காணிப்பை நிறுத்தக்கூடாது. ஆர்செனிக்கில் கதை தலைகீழ். நீர் தேங்கிய வங்கத்து நெல் வயலில் பச்சைத் தழையை மிதித்தால், அதிலிருந்து கரையும் கரிமம் நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. இரும்பு ஆக்சைடு கரைந்து, அது பிடித்திருந்த ஆர்செனிக் வெளியேறுகிறது.

ஆகவே பொதுவான அந்த அறிவுரை தேறவில்லை. மாசுபட்ட நிலத்தில் நன்கு மக்கிய எருவைப் போடலாம். தாமிரமோ ஈயமோ மிகுந்த மண்ணில் திரவ ஹியூமிக் அமிலத்தையும் மக்காத தழையையும் பரிந்துரைப்பது பொறுப்பற்ற செயல். 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கழிவு உரத்தில் கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம் என வரம்பு வைத்திருக்கிறது. உரம் கொண்டுவரும் உலோகத்தை அது அளக்கிறது. மண்ணில் ஏற்கெனவே இருப்பதை அந்த உரம் எவ்வளவு கரைத்தெடுக்கும் என்பதையும் அளந்த பிறகே மாசுபட்ட வயலுக்கு அனுமதி தர வேண்டும்.