விறைக்காத விரல்கள்

குளிர்கால வேலைக்குக் கையுறை வாங்கப் போகிறீர்களா? கடையில் இருப்பதிலேயே தடிப்பானதைத் தேடி அலைய வேண்டாம். பன்றித் தோலில் தைத்து, உள்ளே கதகதப்பான துணி கொடுத்து, மணிக்கட்டில் பின்னல் பட்டி வைத்த ஒரு சோடியை எடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து அதற்குத் தேன்மெழுகு பூசுங்கள். அவ்வளவுதான், குளிர்காலம் உங்கள் பக்கம்! கனடாவின் ஸ்காபரோவில் அடுக்குமாடி வாசல்களிலும் கார்த் தரிப்பிடங்களிலும் விடியமுன் பனி அள்ளுவது என் வேலை. இந்த நாட்டுக்கு வந்தபின் வாங்கிய பொருட்களில், காரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எனக்கு இவ்வளவு மனநிறைவைத் தந்தது வேறொன்றும் இல்லை.

குளிரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. கனடாவின் வானிலைத் துறை வெப்பநிலையோடு காற்றின் வேகத்தையும் சேர்த்து ஒரு குளிர் எண் சொல்லும். அந்த எண் -28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையலாம். -40-ஐத் தொட்டால் 5 முதல் 10 நிமிடங்களே போதும். உடம்பு குளிர்ந்தால் நெஞ்சையும் வயிற்றையும் காப்பதற்காக விரல்களுக்குப் போகும் இரத்தத்தைத்தான் முதலில் குறைக்கும். அதனால்தான் மற்ற எல்லா இடமும் சூடாக இருக்கும்போதே விரல் விறைக்கிறது. பனி தள்ளும் இயந்திரத்தின் கயிற்றை இழுக்கவும், உப்பு மூட்டையைப் பிரிக்கவும், சாவிக்கொத்தில் ஒரு சாவியைத் தேடி எடுக்கவும் அந்த விரல்கள்தானே வேண்டும்?

என்னோடு வேலை செய்யும் அண்ணை ஒருவர், கனடாக் குளிரில் ஊறியவர், சொல்லுவார்: "தம்பி, குளிர் கையைத் தின்னாது. ஈரம்தான் தின்னும்." முழு விஷயமும் அதற்குள் அடங்கிவிட்டது. தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். வெளியிலிருந்து பனி உருகி உள்ளே வரலாம். உள்ளிருந்து உங்கள் வியர்வையே நனைக்கலாம். இரண்டில் எது நடந்தாலும், எவ்வளவு தடிப்பான கையுறையும் வீண். பனி அள்ளும்போது வியர்க்காத ஆள் உண்டா? ஆகவே வெளி ஈரத்தைத் தடுக்கவும் வேண்டும், உள் ஈரத்தை வெளியே விடவும் வேண்டும்.

இங்கேதான் பன்றித் தோல் தன் வித்தையைக் காட்டுகிறது. அதில் மயிர்க்கால் துளைகள் ஆழமாக இறங்கியிருப்பதால் காற்றுப் போய்வரும். நனைந்து காய்ந்தாலும் மென்மையாகவே இருக்கும். சாதாரண மாட்டுத் தோல் அப்படிக் காய்ந்தால் முறுகி மரக்கட்டையாகிவிடும். மான் தோல் இன்னும் மென்மைதான், ஆனால் கரடுமுரடான வேலைக்குச் சீக்கிரம் தேய்ந்துபோகும். நான் அணிவது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக் கிங்கோ நிறுவனத்தின் 901. அங்குள்ள பனிச்சறுக்கு மலைகளில் லிஃப்ட் இயக்குகிறவர்கள் நாள் முழுக்கக் குளிரில் நின்று போட்டுத் தேய்க்கும் பொன்னிறக் கையுறை இது. விலை உயர்ந்த சறுக்குக் கையுறைகள் பக்கத்துக் கடையிலேயே தொங்க, மலையில் வேலை செய்கிறவன் இதைத் தேர்ந்தெடுக்கிறான் என்றால் அதைவிடப் பெரிய சான்றிதழ் உண்டா? பன்றித் தோல் வேண்டாம் என்பவர்கள் ஆட்டுத் தோலில் பார்க்கலாம், மெல்லியது, உறுதியானது.

இனி மெழுகு. அடடா, அந்த வேலையே ஒரு சுகம்! ஸ்னோ-சீல் என்று தேன்மெழுகுக் களிம்பு ஒன்று டப்பாவில் கிடைக்கும். கையுறையைக் கையில் போட்டுக்கொண்டு, முடி உலர்த்தியால் தோலை இளஞ்சூடாக்குங்கள். களிம்பைத் தடவினால் சூடான புட்டில் நெய் இறங்குவதுபோல அப்படியே உள்ளே போய்விடும். தையல் ஓரங்களையும் விரல் நுனிகளையும் விட்டுவிடாமல் தேயுங்கள். நிறம் கொஞ்சம் கறுக்கும், அது அழகுதான். பிறகு பனிக் கட்டியை அள்ளிப் பாருங்கள்: நீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். பார்க்கப் பார்க்க அலுக்காது. குளிர்காலம் தொடங்கும்போது ஒருமுறையும், நீர் உருளாமல் ஊறத் தொடங்கும்போது மறுபடியும் பூசினால் போதும்.

அளவு பார்த்து வாங்குவது தரத்துக்குச் சமம். பெருவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி அங்குல நாடாவால் அளந்து பாருங்கள். 9 அங்குலம் என்றால் 9-ஆம் அளவு. கடையில் போட்டு முட்டி பிடித்துப் பாருங்கள். விரல் மூட்டில் இழுத்தால் அடுத்த அளவுக்குப் போங்கள். இறுகிய கையுறை இரத்தத்தையும் தடுக்கும், சூட்டைப் பிடித்து வைக்கும் காற்றையும் நசுக்கிவிடும். உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை போடும் எண்ணம் இருந்தால், அதையும் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். பருத்தி மட்டும் வேண்டாம். ஈரத்தைக் குடித்துவிட்டு விடவே விடாது.

எல்லா வேலைக்கும் இதுவே என்று சொல்லமாட்டேன். கால்சியம் குளோரைடு உப்புத் தூவும்போது தோல் கையுறையைக் கழற்றிவிடுங்கள். அந்த உப்புத் தோலை உலர்த்திக் கெடுக்கும். உருகிய சேற்றுப் பனியிலும் உப்பிலும் எனக்குத் துணை ஜப்பானின் ஷோவா நிறுவனத்து நீல நிற 282: தண்ணீர் உள்ளே வராது, வியர்வை வெளியே போகும், உள்ளே பஞ்சுபோன்ற துணி. பிவிசி கையுறைகள் கடுங்குளிரில் விறைத்துவிடும். இது வளைந்து கொடுக்கும். குளிர் எண் -30-ஐத் தாண்டிய நாளில் விரல்கள் ஒன்றாக இருக்கும் மிட்டன்தான் ராஜா, ஏனென்றால் விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும். வாங்கும்போது குறியையும் பாருங்கள்: ஐரோப்பியத் தரமுள்ள கையுறையில் பனிப் படிகக் குறியோடு இஎன் 511 என்று இருக்கும். கீழே உள்ள மூன்று இலக்கங்களில் முதலாவது குளிர்காற்றைத் தாங்கும் திறன், இரண்டாவது குளிர்ந்த பொருளைத் தொடும்போது தாங்கும் திறன். இரண்டும் 4 வரை போகும். மூன்றாவது 1 என்றால் தண்ணீர் புகாது.

வேலை முடிந்ததும் ஹீட்டரின் மேல் போட்டு வாட்டாதீர்கள். அறைச் சூட்டில் தொங்கவிட்டு மெதுவாக உலர விடுங்கள். முடிந்தால் இரண்டு சோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். பாதி வேலையில் நனைந்தாலும் காய்ந்த சோடி கைவசம் இருக்கும்.

இந்த வருடம் யாருக்காவது நத்தார் பரிசு கொடுக்க யோசிக்கிறீர்களா? பனியில் வேலை செய்கிற ஒரு சொந்தக்காரர் உங்களுக்கும் இருப்பார். சட்டை வேண்டாம், வாசனைத் திரவியம் வேண்டாம். பன்றித் தோல் கையுறை ஒரு சோடியும் தேன்மெழுகு டப்பா ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். பங்குனி வரை உங்களை வாழ்த்திக்கொண்டே இருப்பார்.