எந்த எண் வந்தால் நிறுத்துவீர்கள்?

மழைக்காலத்தில் மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் டெங்கு தலைகாட்டியதும் சித்த மருந்தான நிலவேம்புக் குடிநீர் வழங்கும் முகாம்கள் தொடங்கிவிடும். பலன் நிரூபணமானதா என்று கேட்டால், அறிவியலுக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கிறது, திறந்த மனதோடு அணுகுங்கள் என்ற பதில் தயாராக இருக்கும். 2017 அக்டோபரில், ஆய்வு முடியும்வரை விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தம் நற்பணி இயக்கத்தாரைக் கேட்டுக்கொண்டபோது ஆதாரத்தைவிடக் கண்டனமே முந்திக்கொண்டு வந்தது. திறந்த மனது என்ற அந்தப் பதிலிலும் நியாயம் உண்டு. நிரூபணமாகவில்லை என்பதும் பலனில்லை என்பதும் ஒன்றல்ல. சித்த மருத்துவம் என்றதுமே உதட்டைப் பிதுக்குவது சோம்பேறித்தனம். சீனப் பழைய மருத்துவ நூலின் குறிப்பைப் பிடித்துப் போய்த்தான் தூ யூயூ மலேரியாவுக்கு மருந்து கண்டார். 2015இல் நோபல் பரிசும் பெற்றார்.

ஆனால் அவருடைய சாறு எலிகளிடம் சோதிக்கப்பட்டு, சறுக்கி, வடிக்கும் முறையை மாற்றிய பிறகே வென்றது. தோற்க இடம் கொடுத்ததால் அந்த வெற்றிக்கு மதிப்பு. நம்மூர்த் திறந்த மனதில் அந்த இடம்தான் இல்லை. டெங்குக் காய்ச்சல் பெரும்பாலோருக்கு ஏழு நாளுக்குள் தானே இறங்கும். விழுந்த பிளேட்லெட்டும் தானே ஏறும். ஒன்பது சரக்கு சேர்ந்த கஷாயத்தைக் குடித்தவருக்கும் ஏறும், குடிக்காதவருக்கும் ஏறும். ஏறினால் கஷாயத்தின் மகிமை. ஏறாவிட்டால் தாமதமாகக் கொடுத்தார்கள், சரக்கு சரியில்லை. எது நடந்தாலும் தோற்காத கருத்தை எத்தனை ஆண்டு திறந்த மனதோடு பார்த்தாலும் புதிதாக ஒன்றும் தெரியவராது. தாய்லாந்தில் இதே நிலவேம்பின் சாற்றைக் கோவிட் நோயாளிகளிடம் சோதித்தார்கள். சாறு பெற்ற 29 பேரில் ஒருவருக்கும் நிமோனியா வரவில்லை. பெறாத 28 பேரில் மூவருக்கு வந்தது. 2021 ஆகஸ்டில், கணக்கில் பிழை இருப்பதைக் கண்டு ஆய்வாளர்களே அறிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். அந்த வித்தியாசம் தற்செயலாகவே வந்திருக்கலாம் என்றானது. ஐயம் வேலை செய்யும் விதம் இது.

இவ்வளவு கசப்பான கஷாயத்துக்கு, ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்து தயாரிக்க முடியாது என்பார்கள். வேண்டாம், குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, எத்தனை பேர் வார்டில் சேர வேண்டியதாயிற்று என்று எண்ணினாலே பாதி விடை கிடைத்துவிடும். குடித்தால் கெடுதல் இல்லையே என்பார்கள். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். கஷாயம் கேட்டுவிட்டது என்று வயிற்றுவலியோடு வீட்டில் படுத்திருப்பவருக்குக் கெடுதல் உண்டு. சோதிக்க வசதியில்லை என்றும் சொல்ல முடியாது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே 2005 முதல் இயங்குகிறது. எத்தனை பேரிடம் எதை எண்ணுவோம், எந்த எண் வந்தால் விநியோகத்தை நிறுத்துவோம் என்று முகாம் நடத்துகிறவர்கள் அடுத்த மழைக்கு முன் எழுதிவைக்கட்டும். அதை எழுதத் தயங்குகிறவர்கள் திறந்த மனதைப் பற்றி நமக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.